வெண்பன்றியில் குட்டி எண்ணிக்கையைக் கூட்ட: உங்க கேள்வியும் என் பதிலும்

போன மாசம் ஒரு தாய்ப்பன்றி 14 குட்டி போட்டுச்சுண்ணா. அதோட பெண் குட்டிங்க எல்லாத்தையும் விக்காம, அடுத்த தாய்ப்பன்றிகளா நிறுத்திக்கலாமா?

அவசரப்படாதீங்க தம்பி. குட்டி எண்ணிக்கையில பரம்பரையா இறங்குறது ஏறக்குறைய 10 சதவீதம்தான். மிச்சமெல்லாம் தீவனம், வெயில், சேர்க்கை நேரம், வயசு. உங்க பண்ணை சராசரி 10-னு வைங்க. இந்தத் தாய் 4 கூடுதல். அதுல 10 சதவீதம் 0.4. தாய் கொடுக்கிறது பாதிதானே, மகளுக்குக் கிடைக்கிறது 0.2. அதாவது அஞ்சு ஈத்துக்கு ஒரு குட்டி! இதே தாய் நாலு ஈத்துலயும் சராசரி 14 போட்டிருந்தா கணக்கு மாறும், மகளுக்கு அரைக்குட்டிக்கு மேல தேறும். அதனாலதான் ஒத்தை ஈத்தைப் பார்த்து மயங்காதீங்கன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு ஈத்தையும் எழுதி வைக்க நோட்டுப் போடுங்க.

இன்னொண்ணு. 14 குட்டியோட முட்டி மோதி வளர்ற பெண் குட்டி சவலையா நின்னுட்டா, பின்னால அதோட ஈத்தும் சிறுத்துப் போகலாம். தாய்க்கு நிறுத்தப்போற குட்டியை, சீம்பால் குடிச்ச பிறகு, அதே சமயம் ஈன்ற வேற தாய்கிட்ட மாத்தி, ஒரு தாய்க்கு 10 குட்டிக்கு மேல போகாம வளருங்க.

ஆண் பன்றியை மாத்தினா எண்ணிக்கை கூடுமா சார்?

இந்த ஈத்துக்கு? பெரிசா இல்லை. எத்தனை கருமுட்டை விழுது, எத்தனை கருவுக்குக் கருப்பையில இடம் இருக்குங்கறது தாயோட விஷயம். கோடை வெயில்ல வாடின ஆணும், தினமும் சேர்க்கைக்கு விட்ட ஆணும் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனா அடுத்த தலைமுறைக்கு அவன்தான் ஆணிவேர். ஒரு தாய்க்கு நாலு மகள்னா, அவனுக்கு நாற்பது. வாங்கும்போது ஆளோட உடம்பைப் பார்க்காம அவன் அம்மாவோட ஈத்துக் கணக்கைக் கேளுங்க. மகள்கள் பருவத்துக்கு வர்றதுக்குள்ள அவனை மாத்திடுங்க. அப்பன், மகள் சேர்க்கையில முதல்ல அடி வாங்குறது குட்டி எண்ணிக்கைதான்.

யார்க்ஷயர், லேண்ட்ரேஸ்னு ரெண்டு வெள்ளைப் பன்றி இனத்தைக் கலக்குறது நல்லதா?

தாய்க்கு அதுதான் சுலபமான வழி. கலப்பினத் தாய் தூய இனத்தைவிடக் கூடுதலாப் போடும், வளர்க்கவும் செய்யும். ஆனா அந்தக் கலப்புக்குள்ளேயே ஆண், பெண் ரெண்டையும் எடுத்துச் சேர்த்தீங்கன்னா கலப்பு வீரியத்துல, அதாவது கலந்ததால கிடைச்ச கூடுதல் பலன்ல, பாதி அடுத்த தலைமுறையிலேயே போயிடும்.

சீனாவுல மெய்ஷான்னு ஒரு இனம் 15, 16 போடுமாமே?

உண்மை. 1979-ல பிரான்ஸ் அதை வரவழைச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. காது தொங்கி, முகம் சுருங்கி, பார்க்கவே ஒரு தினுசு. ஆனா வளர்ச்சி மந்தம், உடம்பெல்லாம் கொழுப்பு. கறிக்கடைக்காரர் முகம் சுளிப்பார்.

எண்ணிக்கையைத் துரத்தினவங்க கதை வேணும்னா டென்மார்க்கைப் பாருங்க. 1992-லிருந்து பிறக்கிற மொத்தக் குட்டியை வச்சுத் தேர்வு செஞ்சாங்க. எண்ணிக்கை ஏறுச்சு, கூடவே சாவும் ஏறுச்சு. 2004-ல அளவுகோலையே மாத்தி, அஞ்சாம் நாள் உயிரோட இருக்கிற குட்டியை எண்ண ஆரம்பிச்சாங்க. நம்ம நோட்டுலயும் பிறந்தது ஒரு பத்தி, பால் மறந்தது ஒரு பத்தி இருக்கணும். 14 போட்டு 8 தேத்துறவளைவிட, 11 போட்டு 10 தேத்துறவதான் எனக்கு ராணி.

காம்பு எத்தனை இருக்கணும்?

பக்கத்துக்கு ஏழு, மொத்தம் 14. உள்ளே மடிஞ்ச காம்பு இருந்தா கழிச்சிடுங்க. குட்டி எண்ணிக்கையைவிட இது நல்லாவே பரம்பரையா இறங்கும்.

ஹோட்டல் கழிவுதான் போடுறோம். தேர்வு செஞ்சு பிரயோஜனம் உண்டாண்ணே?

உண்டு, ஆனா முதல்ல வயிறு. இளம் பெட்டையை முதல் பருவத்துல சேர்க்காதீங்க, ரெண்டாவது மூணாவதுல சேருங்க. அதுக்கு முன்னால பத்துப் பதினாலு நாள் தானியத் தீவனம் கூட்டிக் கொடுத்தா கருமுட்டை கூடுதலா விழும். சேர்க்கை 12 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை.

முதல் ஈத்துல 6 தான் போட்டுச்சு. வித்துடலாமா?

முதல் ஈத்து எப்பவும் கம்மிதாங்க. மூணுலேர்ந்து அஞ்சாவது ஈத்துதான் உச்சம். காத்திருங்க. மூணாவதும் ஆறுன்னா வண்டி ஏத்துங்க.