ஜாஷ் கிப்சன் இல்லாத பட்டியல்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலின் எல்லாக் காலத்து வீரர்களையும் கலந்து, நண்பர்கள் சேர்ந்து, கற்பனை அணிகள் அமைக்கும் ஃபேண்டஸி லீக் ஆடுகிறோம். வாழ்நாள் மொத்தக் கணக்கை வைத்தே தரவரிசை போட்டேன். பந்து வீசும் பிட்சர்களில் 511 வெற்றி பெற்ற சை யங் முதலிடம். பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர்களில் ஜாஷ் கிப்சனைச் சேர்க்கவில்லை. அவர் ஆடிய ஆட்டங்கள் மிகக் குறைவு. என் முறை சரிதானே?

பதில்: சரியில்லை. மொத்தக் கணக்கு ஒருவர் எவ்வளவு காலம் ஆடினார் என்பதைச் சொல்லும். எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதை அரைகுறையாகத்தான் சொல்லும். சை யங் 815 ஆட்டங்களைத் தொடங்கி, 749 ஆட்டங்களைத் தாமே முடித்தவர். அன்று பிட்சரின் வேலையே அதுதான். இன்று ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸிலேயே அடுத்த பிட்சர் வந்துவிடுகிறார். எவரும் நெருங்க முடியாத எண்ணை அளவுகோலாக்கினால் ஒப்பீட்டுக்கு ஏது இடம்?

ஒவ்வொருவரையும் அவர் ஆடிய ஆண்டின் லீகோடு ஒப்பிடுங்கள். அமெரிக்காவின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீகில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என இரு பிரிவுகள். 1930இல் நேஷனல் லீகில் பில் டெர்ரியின் பேட்டிங் சராசரி, அதாவது பேட் செய்த வாய்ப்புகளில் ஹிட் ஆன பங்கு, .401. 1968இல் அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்த கார்ல் யஸ்திரெம்ஸ்கிக்கு .301தான். டெர்ரி எங்கோ உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 1930இல் நேஷனல் லீக் முழுவதின் சராசரியே .303! 1968இல் அமெரிக்கன் லீகின் சராசரி வெறும் .230. பிட்சர்களின் கை அவ்வளவு ஓங்கியிருந்ததால், மறு ஆண்டே அவர்கள் நின்று வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். வகுத்துப் பாருங்கள்: இருவருமே தத்தம் லீகைவிட 31, 32 விழுக்காடு மேலே நிற்கிறார்கள்.

கிப்சன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவர் ஆட்டங்கள் குறைந்தது ஏன்? கறுப்பினத்தவருக்கு மேஜர் லீகின் கதவு சாத்தியிருந்தது. அவர்களுக்கென்று தனியே நடந்த, கிப்சன் ஆடிய நீக்ரோ லீக் சீசன்கள் குறுகியவை. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போய் ஆடிய காட்சி ஆட்டங்கள் எந்தக் கணக்கிலும் சேராது. 1947 ஜனவரியில், 35 வயதில் அவர் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகின் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். வெளியே நிறுத்தப்பட்டவரிடம் போய் 'நீ போதுமான அளவு உள்ளே ஆடவில்லை' என்கிறது உங்கள் பட்டியல்.

மேஜர் லீக் நிர்வாகமே 2020இல், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்குகளாக ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் புள்ளிவிவரங்களும் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் கிப்சன் .372, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் .367. கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் கிப்சனின் பலகை ஏறத்தாழ 800 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் அடிப்பது) என்கிறது. அதிகாரபூர்வக் கணக்கோ 200ஐத் தொடவில்லை. அந்த 800ஐ எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இல்லாமலே அவர் நிற்பார்.

குறைந்த ஆட்டங்களில் சராசரி எகிறும் என்று உங்கள் நண்பர்கள் வாதிடலாம். நியாயமான வாதம்தான். அதே கண்டிப்பை, கறுப்பினத்தவருக்கு இடமில்லாத மேஜர் லீகில் ஆடிய பேப் ரூத்திடமும் காட்டச் சொல்லுங்கள். அவர் அடித்த 714 ஹோம் ரன்களில் ஒன்றுகூட நீக்ரோ லீக் பிட்சர் சாட்செல் பெய்ஜின் பந்தில் வந்ததல்ல. அந்தப் பெய்ஜுக்கு மேஜர் லீகில் இடம் கிடைத்தது 1948இல், 42 வயதில். 59 வயதிலும் கன்சாஸ் சிட்டி அணிக்காக மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

கேட்சர்களில் முதல் பெயராகக் கிப்சனை எழுதுங்கள். சை யங்கைக் கீழே இறக்கி, பெய்ஜை அவருக்கு மேலே வையுங்கள்.