கப்பல் அறையில் தூக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். இது இலக்கியக் கேள்வி அல்ல, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் மாமனார், மாமியார், கணவர், பிள்ளைகள் இருவர் என்று ஆறு பேரும் சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறினோம். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். பெரியவர்களுக்குக் கிடைத்த அறைக்கும் அதற்கு அடுத்த அறைக்கும் நடுவே ஒரு பூட்டிய கதவு. அந்தப் பக்கம் இருந்தவர்கள் இரவு ஒரு மணி வரை பேசியது ஒரு சொல் விடாமல் இந்தப் பக்கம் கேட்டது. நேர் மேலே நீச்சல் குளத் தளம். விடியற்காலை ஐந்து மணிக்கே நாற்காலிகளை இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "யாரோ அம்மிக்கல்லை இழுத்து இழுத்துப் போடுறாங்க" என்றார் மாமியார். மூன்றாம் இரவு சுவர் வேறு கிரீச் கிரீச்சென்று முனகிக்கொண்டே இருந்தது. வரவேற்பில் சொன்னதற்குக் காதடைப்பான் இரண்டு ஜோடி கொடுத்தார்கள்.

"கப்பல்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார் கணவர். அது உண்மையா? வரும் ஜூனில் திருச்சியிலிருந்து உறவினர் வருகிறார்கள். மறுபடியும் போகலாம் என்று பேச்சு. கூடப் பணம் கொடுத்து பால்கனி அறை எடுத்தால் சரியாகுமா, அல்லது கப்பல் ஆசையையே விட்டுவிடலாமா?

ர.
ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ர.,

கோபமெல்லாம் இல்லை. தூக்கம் கெட்டவருக்கு இலக்கியம் எதற்கு?

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. நீங்கள் எழுதியிருப்பதில் கப்பலின் சத்தம் என்று ஒன்றுதான் உண்டு, அந்தச் சுவரின் முனகல். மற்ற இரண்டும் அறை அமைந்த இடத்தால் வந்தவை. தளம் மாறியிருந்தால் உங்கள் மாமியார் அம்மிக்கல்லைக் கேட்டிருக்கவே மாட்டார்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் தூத்துக்குடிக்காரரான ஒரு நண்பர். உல்லாசக் கப்பல்களில் எஞ்சின் பிரிவில் பல வருடம் இருந்தவர். நான் உங்களைப் போலவே ஒரு முறை அலுத்துக்கொண்டபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "சத்தம் காத்துல வந்துச்சா, இரும்புல வந்துச்சா?"

காற்றில் வருவது பேச்சு, தொலைக்காட்சி, நடைவழியில் ஓடும் பிள்ளைகள். இடையில் எதையாவது வைத்தால் அது குறையும். இரும்பில் வருவது வேறு சாதி. மேல்தளத்தில் நாற்காலியின் கால் தரையில் உரசும்போது அந்த அதிர்வு எஃகுத் தகட்டுக்குள் இறங்கி, தூண், விட்டம் என்று ஓடி, உங்கள் அறைக் கூரையையே ஒலிபெருக்கி ஆக்கிவிடுகிறது. ஈசூனில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அடுக்குமாடியில் மேல்வீட்டில் நள்ளிரவில் கோலிக்குண்டு உருள்கிறது என்று உங்கள் ஊரில் புலம்பாதவர் உண்டா? அங்கே கான்கிரீட், இங்கே எஃகு. இந்தச் சத்தத்துக்கு நடுவில் எதையும் வைக்க முடியாது. நாம்தான் தள்ளிப் போக வேண்டும். காதடைப்பானும் பேச்சுக்கு உதவுகிற அளவுக்கு இந்தத் தாழ்ந்த அதிர்வுக்கு உதவாது. வரவேற்பில் உங்களுக்குக் கொடுத்தது பக்கத்து அறைக்கு மருந்து, மேல்தளத்துக்கு இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் என்ற நிபந்தனையில் மலிவாகச் சீட்டு விற்பார்கள். 'கேரண்டி' என்பார்கள். ஏதோ ஒரு அறை கிடைக்கும் என்பதற்குத்தான் அந்த உத்தரவாதம். நான் அதை வாங்கினேன். கிடைத்தது கீழ்த்தளத்தில் முன்பக்கக் கடைசி அறைகளில் ஒன்று. நம் கடற்கரையில் அணியம் என்பார்களே, அந்த மூக்குப் பகுதி. முதல் இரவு அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. எஞ்சின் எங்கோ பின்னால், கீழே. வெற்றி என்று நினைத்தேன். மறுநாள் விடிவதற்கு முன்பு பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையை நெருங்கும்போது கட்டிலுக்கு அடியில் லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். கட்டில் நடுங்கியது. கப்பல் பாறையில் மோதிவிட்டது என்றே எழுந்து சட்டையைத் தேடினேன்.

அது த்ரஸ்டர். கப்பலின் முன்பக்கத்தில் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குழாய்போல ஒரு துளை விட்டு அதற்குள் விசிறி வைத்திருப்பார்கள். துறையில் அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ள அதுதான் வேண்டும். 2009இல் வந்த ஓயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலில் இப்படி நான்கு, ஒவ்வொன்றும் 5.5 மெகாவாட். விசிறி வேகமாகச் சுழலும்போது தண்ணீரில் நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி உடைகின்றன. ஜல்லிச் சத்தம் அந்தக் குமிழிகள் உடைவதுதான். சுற்றுலாக் கப்பல்கள் காலையில் துறை சேர்வதே வழக்கம் என்பதால் முன்பக்கக் கீழ் அறைக்காரர்களுக்கு ஒவ்வொரு ஊரும் இப்படித்தான் விடியும்.

புக்கெட்டில் இன்னொரு பாடம். படோங் கரைக்கு எதிரே கப்பல் நங்கூரமிட்டு நிற்கும், சிறு படகில் கரைக்குப் போவோம். நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள். அந்த நங்கூரச் சங்கிலி இறங்குவதும் அதே அணியத்தில், என் தலைமாட்டில். அதை வர்ணிக்கப்போவதில்லை.

முன்பெல்லாம் பின்பக்க அறைகள்தான் மோசம் என்பார்கள், நீண்ட தண்டும் புரொப்பல்லரும் அங்கே இருந்ததால். அது இப்போது பெருமளவு மாறிவிட்டது. மின்மோட்டாரையே கப்பலுக்கு வெளியே, தண்ணீருக்குள் ஒரு கூட்டில் தொங்கவிடும் அசிபாட் முறை 1998இல் கார்னிவல் எலேஷன் என்ற கப்பலோடு உல்லாசக் கப்பல்களுக்குள் வந்தது. மின்சாரம் தயாரிக்கும் டீசல் எஞ்சின்களை அதிர்வு தாங்கும் மெத்தைகள்மேல் உட்காரவைக்கிறார்கள். ஆகவே புதுக் கப்பல்களில் எஞ்சின் சத்தம் ஒரு தாழ்ந்த ரீங்காரம், அவ்வளவுதான். நண்பர் சொல்லும் வேடிக்கை என்னவென்றால், பழைய கப்பல்களில் எஞ்சின் இரைச்சலே பக்கத்து அறைப் பேச்சை மூடிவிடும். கப்பல் அமைதியான பிறகுதான் மனிதர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

அறைச் சுவர் மெலிந்தது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். மெலிந்ததுதான். அறைகளைத் தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, கட்டில் குளியலறையோடு பெட்டிபோலக் கொண்டுவந்து கப்பலுக்குள் செருகுகிறார்கள். சுவர் என்பது இரண்டு எஃகுத் தகடுகள், நடுவே பாறைக் கம்பளி, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு. அந்தக் கம்பளி அங்கே இருப்பதற்கு முதல் காரணம் தீ. சத்தத்தைக் குடிப்பது அதன் உபரி வேலை. இருந்தும் சுவர் தன் வேலையை ஓரளவு செய்கிறது. கெடுப்பது அந்த நடுக்கதவு. ஒரு விரல்கடை இடுக்கு போதும், முழுச் சுவரும் வீண்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, உங்களுக்கு இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2012இல் கொண்டுவந்த இரைச்சல் விதித்தொகுப்பு 2014 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. 10,000 டன்னுக்கு மேற்பட்ட புதிய கப்பல்களில் ஊழியர் அறைக்குள் 55 டெசிபெல்தான் மேல்வரம்பு. ஊழியர் அறைகளுக்கு நடுவே சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. பயணிகளின் அறைக்கு அந்த விதி பொருந்தாது. கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனங்கள் வசதித் தரம் என்று ஒன்று வழங்குகின்றன, அது கப்பல் முதலாளி விரும்பிக் கேட்டு வாங்குவது. தூங்கும் அறைக்கு 30 டெசிபெல் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து டெசிபெல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். "எனக்குச் சட்டப்படி தூக்கம், காசு கொடுத்தவனுக்கு அதிர்ஷ்டப்படி" என்று நண்பர் சிரிப்பார்.

சரி, ஜூனுக்கு வருவோம்.

பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சத்தத்துக்காக என்றால் வேண்டாம். காற்றுக்கும் கடலுக்கும் என்றால் கொடுங்கள். பால்கனிகளுக்கு நடுவே இருப்பது ஒரு தடுப்புப் பலகை மட்டுமே. பக்கத்துக்காரர் சிகரெட்டோடு வந்து நின்று தொலைபேசினால் அதையும் கேட்பீர்கள். விலை உயர்ந்த அறைகள் பல நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழேதான் இருக்கின்றன. சன்னலே இல்லாத உள்ளறை ஒன்று, கப்பலின் நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில் கிடைத்தால் அதுதான் தூங்க ஏற்ற இடம். ஆட்டமும் அங்கே குறைவு, பெரியவர்களுக்கு நல்லது.

முன்பதிவுக்கு முன் தளவரைபடத்தைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறைக்கு மேல்தளத்தில் அதே இடத்தில் என்ன, கீழ்த்தளத்தில் என்ன என்று விரலை வைத்துப் பாருங்கள். மேலே குளம், ஓட்டப்பாதை, பஃபே கூடாது. கீழே அரங்கமோ நடனக் கூடமோ கூடாது. வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடங்களை நம்பாதீர்கள். அங்கேதான் சமையற்கூடமும் தள்ளுவண்டிகளும் ஊழியர் கதவுகளும் இருக்கும். மின்தூக்கிக்கு எதிரே வேண்டாம். ஜூனும் பள்ளி விடுமுறைதானே, நடைவழி முழுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள், உங்கள் பிள்ளைகள் உட்பட. நடுக்கதவுள்ள அறைகளுக்கு வரைபடத்தில் ஒரு குறி இருக்கும். நீங்களும் பெரியவர்களும் எடுக்கும் இரண்டு அறைக்கும் நடுவே அந்தக் கதவு இருந்தால் வரம், அந்நியர் பக்கம் இருந்தால் நீங்கள் பட்டதுதான். அந்த மலிவு 'கேரண்டி' சீட்டை மட்டும் வாங்காதீர்கள்.

ஏறிய பிறகு என்றால், முதல் மாலையிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் வராதவர்களின் அறை ஒன்றிரண்டு காலியாக இருக்கலாம், மறுநாள் அதுவும் இருக்காது. காலையில் வரவேற்புக்குப் போய்ப் புலம்புவதைவிட, சத்தம் கேட்கும்போதே அறையிலிருந்து தொலைபேசுங்கள். பக்கத்து அறைக் கச்சேரி என்றால் காவலர் வந்து கதவைத் தட்டுவார். நாற்காலி இழுப்பது ஊழியர் வேலை, நேரத்தைக் குறித்துச் சொன்னால் மேற்பார்வையாளர் காதுக்குப் போகும். நீங்களே போய்ப் பக்கத்துக் கதவைத் தட்ட வேண்டாம். நான் ஒரு முறை தட்டினேன். மறுநாள் காலை உணவில் அவரும் நானும் ஒரே மேசை.

நடுக்கதவே வாய்த்துவிட்டால் குளியல் துண்டை உருட்டி அடியிடுக்கில் அழுத்தி வையுங்கள். அறைப் பணியாளரிடம் கேட்டால் கூட இரண்டு துண்டு தருவார். கைபேசியில் மின்விசிறிச் சத்தம் வைத்துக்கொண்டாலும் பேச்சு மங்கிவிடும். காதடைப்பானை அப்படியே செருகினால் பயனில்லை. நுரை வகையை நன்றாக உருட்டி மெலிதாக்கி, காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் தாங்க வேண்டும்.

அப்புறம் அந்த முனகல். நீளமான கப்பல் அலையில் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. அப்படித்தான் கட்டுகிறார்கள், வளையாவிட்டால் உடையும். அப்போது கூரைப் பலகையும் சுவர்ப் பலகையும் ஒன்றோடொன்று உரசுகின்றன. கையால் தடவிக்கொண்டே போனால் முனகும் இணைப்பு பிடிபடும். அந்த இடுக்கில் மடித்த அட்டைத் துண்டைச் செருகினால் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். அலமாரிக்குள் ஒன்றோடொன்று மோதும் ஹேங்கர்களைக் கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள், அதைச் சுவர்ச் சத்தம் என்று நினைத்து இரவு முழுக்கத் தேடியவன் நான்.

ஜூன் பயணத்தில் இந்த முனகல் கூடலாம். மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் இருப்பதால் பினாங்கு வரை கடல் பெரும்பாலும் குளம்போல அமைதிதான். அதைத் தாண்டி அந்தமான் கடலில் அப்போது தென்மேற்குப் பருவக்காற்று நேரே வரும். படோங் மேற்குக் கரை, அலை பெரிதானால் படகு இறக்காமலே போய்விடுவதும் உண்டு. விடியலுக்கு முன் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடீரென்று வரும் 'சுமத்ரா' மழைக்காற்று உங்களுக்குத் தெரிந்ததே. மழை கண்ணை மறைத்தால் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் நீளமாக ஊத வேண்டும், கடல் விதி அது. 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் சங்குக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 143 டெசிபெல் வேண்டும் என்பதும் விதி. அதற்கு யாரிடமும் முறையிட முடியாது. தூங்கும் பிள்ளைகளைக்கூட எழுப்பிவிட்டு ஒரு தேநீரோடு மழையைப் பார்க்கலாம்.

ஆகவே ஆசையை விட வேண்டாம். மாமனார் காதுகேள் கருவி வைத்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் இரவில் கழற்றி வைத்துவிட்டு நம் எல்லோரையும்விட நன்றாகத் தூங்குவார், ஆனால் அபாய மணி அடித்தால் அவரை எழுப்ப ஒருவர் அதே அறையில் வேண்டும். அறைகளைப் பிரிக்கும்போது அதை நினைவில் வையுங்கள். பணம் கட்டும் முன் கப்பலின் பெயரையும் அறை எண்களையும் எழுதுங்கள், தளவரைபடத்தை நானும் நண்பரும் ஒரு முறை பார்த்துவிடுகிறோம்.