மூன்றாவது டாப்-அப் வேண்டவே வேண்டாம்

கேள்வி: புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. பால்கனியில் நின்றால் வயல்வெளி. உள்ளே கிளப் ஹவுஸ், நீச்சல் குளம். மர வேலைக்கு ஒன்று, கார் வாங்க ஒன்று என வீட்டுக் கடன் மேல் இரண்டு டாப்-அப் (அதே வீட்டின் பேரில் கூடுதல் கடன்) எடுத்தோம். இப்போது பக்கத்தில் பண்ணை மனை விற்கிறார்கள். பாதிப் பங்கு போடச் சொல்லித் தம்பி நெருக்குகிறான். வங்கியும் மூன்றாவது டாப்-அப் கொடுக்கத் தயார். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கையைக் கடிப்பது வீட்டுக் கடன் அல்ல, சீக்கிரம் தேயும் பொருளுக்கு 20 வருடக் கடன் எடுக்கும் பழக்கம். தவணை சின்னதாகத் தெரிவதால்தான் மறுபடி மறுபடி கை நீள்கிறது.

கார் கடனையே பாருங்கள். 9 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு 20 வருடம் என்றால் மாதம் சுமார் 900. எட்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் ஏறக்குறைய 79,000 பாக்கி நிற்கும். அதற்குள் கார் பழசாகிவிடும், அடுத்த காருக்கு அடுத்த டாப்-அப். அதே கடனை எட்டே வருடத்தில் முடிக்க மாதம் 1,465 போதும். மொத்தம் கட்டுவது 2.16 லட்சத்திலிருந்து 1.41 லட்சமாக இறங்கும்.

நீங்கள் எழுதிய செலவுகளைச் சம்பளம் 100 என்று வைத்துப் பார்த்தால் வீட்டுக் கடன் 38, டாப்-அப் இரண்டும் 7, பராமரிப்புக் கட்டணம் 6, பெட்ரோலும் பள்ளி வேனும் 14. மனைக்காக மேலும் 5 தரத் துணிந்திருக்கிறீர்கள். அந்த 5-ஐ டாப்-அப்பில் சேர்த்துக் கட்டினாலே இரண்டும் ஏறக்குறைய எட்டு வருடத்தில் தீர்ந்துவிடும். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கூடுதலாகக் கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்குங்கள்.

பராமரிப்புக்குப் போகும் அந்த 6 அப்படியே நிற்கும் என்று நம்பாதீர்கள். கட்டணம் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு; குளத்தில் கால் வைக்காதவரும் கட்டத்தான் வேண்டும். லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டார் எல்லாம் வயதாக ஆகச் செலவு வைக்கும். சங்கத்தின் வைப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். போதாவிட்டால் ஒருநாள் மொத்தமாக வசூலிப்பார்கள்.

பண்ணை மனை இப்போதைய மோகம். "நாங்களே மரம் வளர்த்துத் தருகிறோம்" என்பார்கள். தனிப் பத்திரமா, பிரிக்காத பங்கா? மனைக்குப் போகும் பாதை யார் பெயரில்? கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா? விற்க நினைத்தால் வாங்க ஆள் உண்டா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாத இடத்தில், குடியிருக்கும் வீட்டை அடகாக வைத்துப் பணம் போடுவது ஆபத்து.

தம்பியிடம் "இரண்டு கடன் தீரும்வரை முடியாது" என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அவர் தனியாக வாங்கட்டும். ஆனால் ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் அதையும் போடாதீர்கள்.