பிளாக் பக்: எரிபொருளைக் கொடுத்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர் விமானங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில், அத்தீவின் விமான ஓடுபாதை மீது பிரிட்டன் நடத்திய முதல் ‘பிளாக் பக்’ தாக்குதலைத் துணிச்சலான பறத்தல்களில் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். வீசிய 21 குண்டுகளில் ஒன்றுதான் ஓடுபாதையில் விழுந்தது. அதற்காக, வானிலேயே எரிபொருள் கொடுக்கும் 11 டேங்கர் விமானங்கள் புறப்பட்டிருக்கின்றன. இது வீண் செலவு அல்லவா? இதில் துணிச்சல் எங்கே இருக்கிறது?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

ராணுவப் பயனை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. அர்ஜென்டினாவின் ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள் போர் முடியும் தறுவாய் வரை, அந்த ஓடுபாதை இருந்த போர்ட் ஸ்டான்லியில் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஒரு குண்டு மட்டும் பட்டதைக் குறி தவறியதாகக் கொள்ள முடியாது. ஓடுபாதையின் நீளவாக்கில் பறந்து வீசினால், சற்றே விலகினாலும் எல்லாக் குண்டுகளும் வீணாகிவிடும் என்பதால், அதைச் சாய்வாகக் குறுக்கே கடந்தபடி குண்டுகளை வரிசையாக விடுவதும், அவற்றில் ஒன்றாவது பாதையைத் துளைப்பதுமே திட்டம். அது நடந்தது.

துணிச்சலை நான் கண்டது குண்டுவீச்சில் அல்ல, அதற்கு முந்தைய சில மணி நேரத்தில். விமானங்கள் புறப்பட்ட, அட்லாண்டிக் நடுவே உள்ள அசென்ஷன் தீவிலிருந்து ஃபாக்லாந்து ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர். அணுகுண்டு சுமப்பதற்காக உருவாக்கப்பட்டு, ஓய்வுபெறும் நிலையில் இருந்த வல்கன் விமானம், வானிலேயே பலமுறை எரிபொருள் வாங்காமல் அங்கே போய்த் திரும்ப முடியாது. ஏப்ரல் 30 இரவில் புறப்பட்ட இரண்டு வல்கன்களில் முதன்மையானது, விமானி அறையின் ஜன்னல் சரியாக மூடாததால் திரும்பிவிட, மாற்றாக வந்த மார்ட்டின் விதர்ஸின் விமானமே தாக்குதலை ஏற்றது. குண்டுகளின் பாரத்தோடு, விக்டர் டேங்கர்களுக்கு ஒத்துவரும் உயரத்திலும் வேகத்திலும் பறக்க வேண்டியிருந்ததால், அது கணக்கிட்டதைவிட அதிகமாக எரிபொருளைக் குடித்தது.

கடைசிக் கட்டத்தில், பாப் டக்ஸ்ஃபர்டின் விக்டர் இன்னொரு விக்டருக்கு எரிபொருள் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த இன்னொன்றுதான் வல்கனோடு மேலே செல்ல வேண்டியது. புயல் மேகங்களின் குலுக்கலில், வாங்கிக்கொண்டிருந்த விக்டரின் மூக்கிலிருந்த குழாய் முறிந்தது. குழாய் முறிந்த விமானத்தால் இனி வாங்க முடியாது. ஆனால் கொடுக்க முடியும். எனவே கொடுத்ததை அதே புயலில் திரும்ப வாங்கிக்கொண்டு டக்ஸ்ஃபர்ட் தெற்கே தொடர்ந்தார்.

வல்கனுக்குக் கடைசியாக எரிபொருள் கொடுத்தபோது, திட்டமிட்ட அளவை அவரால் தர முடியவில்லை. கொடுத்தது போக மிஞ்சியதோ தீவுக்குத் திரும்பப் போதாது. கொடுக்காமல் திரும்பினால் தாக்குதலைக் கைவிட வேண்டியிருக்கும். அவர் தம் சக வீரர்களின் கருத்தைக் கேட்டார், தொடரலாம் என்றார்கள். அதன் பிறகும் உதவிக்கு அழைக்க முடியாது, ஏனெனில் வானொலியில் பேசினால் முன்னே செல்லும் வல்கன் காட்டிக்கொடுக்கப்படலாம். ஐந்து பேர், நடுக்கடலுக்கு மேலே, எரிபொருள் குறைந்துகொண்டே வர, பிறர் வேலை முடிவதற்காக மௌனமாக வடக்கே பறந்தார்கள். மே 1 விடியுமுன் ‘சூப்பர்ஃப்யூஸ்’ என்ற வெற்றிக் குறிச்சொல் வந்த பிறகே டேங்கர் கேட்டார்கள். எதிரே வந்த விக்டர் ஒன்று அவர்களைத் தீவுக்குச் சேர்த்தது. வல்கனும் ஏறத்தாழ 16 மணி நேரப் பறத்தலுக்குப் பின் இறங்கியது.

விதர்ஸுக்கு டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ் கிடைத்தது. டக்ஸ்ஃபர்டுக்கு ஏர் ஃபோர்ஸ் கிராஸ். இரண்டாவது, எதிரியோடு நேரடியாக மோதாத பறத்தலில் காட்டும் தீரத்துக்கு வழங்கப்படுவது. விதிப்படி அது சரி என்றாலும், அந்த இரவில் யார் அதிகம் பணயம் வைத்தார்கள் என்று கேட்டால், நான் விக்டர் குழுவைத்தான் சொல்வேன்.