விளிம்புல ஏறித்தான் அருவியைப் படம் புடிக்கணுமா?

கேள்வி: அருவி போட்டோ எடுக்கிறதுன்னா எனக்கு உயிர். ஆனா கம்பி போட்ட மேடையில நின்னு எடுத்தா எல்லாரும் எடுக்கிற படமேதான் எனக்கும் வருது. பாறையில ஏறி தண்ணி விழுற விளிம்பு வரைக்கும் போகணும், தண்ணித் திரைக்குப் பின்னாடி நின்னு எடுக்கணும்னு ஆசை. கிட்ட போனா லென்ஸ் முழுக்க சாரல், தண்ணி வெறும் வெள்ளைத் திட்டா வருது. "ரிஸ்க் எடுத்தாத்தான் படம்"னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்? மொபைல்ல எடுத்தாலே போதுமா?

பதில்: தம்பி, உங்க ஃப்ரெண்ட்ஸ் சொன்னதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும். விளிம்புக்குப் போகாதீங்க. அங்க பாறை காலங்காலமா தண்ணி ஓடி வழவழன்னு தேஞ்சு கிடக்கும், அதுமேல கண்ணுக்கே தெரியாத மாதிரி பாசி படர்ந்திருக்கும், முழங்கால் அளவு தண்ணி கூட வேகமா ஓடினா ஆளைச் சாய்ச்சிடும், சாயும்போது புடிச்சுக்க எதுவும் இருக்காது. உயிர் ஆபத்தை ஒரு பக்கம் வச்சுட்டு படத்தை மட்டும் பார்த்தாலும் அங்க ஒண்ணும் தேறாது. மேலேருந்து கீழ பார்த்து எடுத்தா அருவியே தெரியாது, காலடியிலேருந்து தண்ணி விலகிப் போறது மட்டும் தெரியும், அவ்வளவு உயரமும் தட்டையாயிடும்.

வித்தியாசமான ஆங்கிள் வேணும்னு நீங்க ஆசைப்படறது நியாயமான ஆசைதான். ஆனா கஷ்டமான இடம் வேற, ஆபத்தான இடம் வேற. கூடுதலா ஒரு மணி நேரம் நடந்து எதிர்ச் சரிவுக்குப் போறது கஷ்டம், ட்ரைபாடை (கேமரா வைக்கிற மூணு கால் ஸ்டாண்டை) தூக்கிட்டு ஓடையோரமா குனிஞ்சு உட்கார்ந்து வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறதும் கஷ்டம்தான், நல்ல படமெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி கஷ்டத்துலதான் வருது.

எதிர்ப்பக்கத்தை முதல்ல யோசிங்க. அடிவாரத்துல நின்னு அகலமா காட்டுற வைட் லென்ஸை அண்ணாந்து வச்சா அருவி பின்பக்கமா சாயும், உயரமும் குறைஞ்சு போகும். பாதி உயரத்துலயோ சம உயரத்துலயோ எதிர்ல ஒரு இடம் கிடைச்சா கேமராவை நேரா வைக்கலாம், அப்பதான் உயரம் உயரமா வரும். ஆப்பிரிக்காவுல இருக்கிற விக்டோரியா அருவி 108 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 1,700 மீட்டர் அகலம், அதை ஓரளவு முழுசா பார்க்க முடியுதுன்னா காரணம், தண்ணி ஒரு குறுகலான பள்ளத்துக்குள்ள விழுது, ஜனங்க பள்ளத்தோட எதிர்க்கரையில நின்னு நேருக்கு நேரா பார்க்கிறாங்க. அங்கேயும் தண்ணி உச்சத்துல இருக்கிற ஏப்ரல் வாக்குல போனா சாரல் எழும்பி அருவியையே மறைச்சிடும், அதனால தண்ணி நிறைய இருந்தாத்தான் நல்ல படம்னு நினைச்சுக்காதீங்க. தூரத்துலேருந்து தூரத்தைக் கிட்ட காட்டுற 70-200 மி.மீ. டெலி லென்ஸ் போட்டு அருவியில ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பாருங்க, தண்ணி ஒரு பாறையில மோதி ரெண்டா பிரியுற இடம், ஓரத்துல நனைஞ்சுக்கிட்டு நிக்கிற ஒரு செடி, இதெல்லாம் மேடையில நிக்கிற பலர் பார்க்கவே மாட்டாங்க.

வானவில் வேணும்னா சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், உங்க தலை நிழல் விழுற திசையைச் சுத்தி 42 டிகிரியில அது வரும். சூரியன் 42 டிகிரிக்கு மேல ஏறிட்டா, மேலேருந்து கீழ சாரலைப் பார்க்கிற மாதிரி பாதுகாப்பான இடத்துல நின்னாத்தான் வானவில் கிடைக்கும். உயரமான இடம் நிஜமாவே உதவுற நேரம் அது.

தாழ்வான ஆங்கிளுக்கு ஓடையில ட்ரைபாட் வைக்கிறதா இருந்தா கரையோரமா, தண்ணி ஆழமில்லாம தெளிவா இருக்கிற இடமா பாருங்க. வழக்கமா ட்ரைபாட் காலோட தடிச்ச பகுதியைத்தானே முதல்ல இழுப்போம், தண்ணிக்குள்ள வைக்கும்போது கடைசியில இருக்கிற மெல்லிசான பகுதியை முதல்ல இழுங்க, அப்பதான் காலைப் பூட்டுற லாக் எல்லாம் தண்ணிக்கு மேலயே இருக்கும், மண்ணு உள்ள போகாது. ட்ரைபாடோட நடுக் கம்பியை உயர்த்தாதீங்க. கேமரா ஸ்ட்ராப் காத்துல ஆடினா கூட படம் ஆடிடும், கழட்டி வச்சிடுங்க. பட்டனைக் கையால அழுத்தாம 2 செகண்ட் டைமர் போடுங்க.

இப்ப சாரலுக்கு வர்றேன். பலர் பண்றது என்னன்னா சாரலுக்குள்ள போய் நின்னுட்டு, அப்புறம்தான் ஃப்ரேம் தேடி, ஃபில்டர் மாட்டி, ஃபோகஸ் பண்ணி, எல்லாம் முடியறதுக்குள்ள லென்ஸ் குளிச்சு முடிச்சிருக்கும். எல்லா வேலையையும் வெளியிலயே முடிச்சுடுங்க. ஹூட் (லென்ஸ் முனையில போடுற மறைப்பு) மாட்டி, ஃபோகஸை மேனுவல்ல பூட்டி, லென்ஸ் மேல ஒரு துணியைத் தொங்க விட்டுட்டு உள்ள போங்க. அங்க நின்னு காத்தை கவனிங்க, சாரல் ஒரே சீரா வராது, காத்து தள்ளும்போது வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். அடங்கின நேரத்துல துணியை எடுத்து, ஒரு தடவை துடைச்சு, க்ளிக் பண்ணி, உடனே மூடுங்க. மைக்ரோஃபைபர் துணி நாலஞ்சாவது வேணும், தனித்தனியா நனையாத பையில வச்சுக்கங்க, ஈரத்துணியால துடைச்சா துளி போகாது, லென்ஸ் முழுக்க ஈஷிக்கும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, எஃப் 16க்குச் சுருக்கினா ஒவ்வொரு துளியும் வட்டம் வட்டமா தெரியும், எஃப் 5.6 பக்கம் திறந்தா அதே துளி கரைஞ்சு போகும், அதனால சாரல்ல அபெர்ச்சரை ரொம்ப சுருக்காதீங்க. ட்ரைபாடை அசைக்காம அஞ்சாறு படம் எடுத்துட்டா ஒவ்வொண்ணுலயும் துளி வேற வேற இடத்துல இருக்கும், வீட்டுக்கு வந்து சுத்தமான பகுதிகளைச் சேர்த்துக்கலாம். குளிர்ச்சியான இடத்துலேருந்து அப்பதான் வெளிய எடுத்த லென்ஸா இருந்தா ஈரக்காத்துல மங்கிப் போகும், அதைத் துடைச்சு பிரயோஜனம் இல்ல, சூடு சமமாகுற வரைக்கும் விட்டுடுங்க.

வெள்ளைத் திட்டு வர்றதுக்குக் காரணம் உங்க கேமரா இல்ல, சுத்தியிருக்கிற கருப்புப் பாறை. அதைப் பார்த்துட்டு கேமராவோட வெளிச்சம் அளக்கிற மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிடுது, தண்ணி விவரமே இல்லாம வெளுத்துப் போகுது. எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைங்க (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதியாகும்), கேமரா பதிஞ்சதை அப்படியே வச்சுக்கிற ரா ஃபைல்ல எடுங்க, பாறையோட இருட்டை அப்புறம் கொஞ்சம் தூக்கிக்கலாம், வெளுத்துப் போனதை மீட்க முடியாது. மேகமூட்டமான நாள் இதுக்கு ரொம்ப நல்லது. ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தை 1/4 செகண்ட்லேருந்து 1 செகண்டுக்குள்ள வச்சா தண்ணி இழை இழையா நிக்கும், பல செகண்ட் விட்டா புகை மாதிரி ஆயிடும், எனக்கு அது பிடிக்காது, தண்ணியோட வேகமே அதுல செத்துப் போகுது. பகல் வெளிச்சத்துல 1/60 வருதுன்னா வெளிச்சத்தைக் குறைக்கிற 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டா வெளிச்சம் 64 மடங்கு குறைஞ்சு கிட்டத்தட்ட 1 செகண்ட் கிடைக்கும். போலரைசர்ங்கிற ஃபில்டர் ஈரப்பாறையோட பளபளப்பை எடுத்துடும், ஆனா திருப்பும்போது வானவில்லையும் சேர்த்து அழிச்சிடும், பார்த்துத் திருப்புங்க.

திரைக்குப் பின்னாடி போகணும்ங்கிற ஆசையைப் பாதை இருக்கிற அருவியில மட்டும் தீர்த்துக்கங்க. ஐஸ்லாந்துல செல்யாலண்ட்ஸ்ஃபாஸ்னு கிட்டத்தட்ட 60 மீட்டர் அருவி, அதுக்குப் பின்னாடியே சுத்தி வர பாதை இருக்கு. அங்கயும் மேலேருந்து கல்லு விழலாம், ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிக்க வேண்டாம். உள்ள இருட்டு, வெளிய வெளிச்சம், ஒரே படத்துல ரெண்டும் அடங்காது, 2 ஸ்டாப் இடைவெளியில மூணு படம் எடுத்துச் சேருங்க.

ஒரு விஷயத்தை தயவு செஞ்சு மனசுல வச்சுக்கங்க. நீங்க நிக்கிற இடத்துல மழையே இல்லாம, மலைக்கு மேல பெஞ்சு திடீர்னு வெள்ளம் வரலாம். தண்ணி திடீர்னு கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடிச்சுக்கிட்டு வந்தாலோ, சத்தம் கூடினாலோ, ட்ரைபாடை எடுக்கக்கூட நிக்காம மேடான இடத்துக்கு ஏறிடுங்க. ஓடையைத் தாண்டும்போது பேக்கோட இடுப்பு பெல்ட்டைக் கழட்டி விடுங்க, விழுந்தா உதறிட்டு வெளிய வர முடியணும். தனியா போகாதீங்க.

மொபைல் போதுமான்னு கேட்டிருந்தீங்க. ஆங்கிள் தேடிப் பழக தாராளமா போதும். ப்ரோ மோடு இருந்தா ஷட்டர் வேகத்தைக் குறைச்சு மொபைலை ஒரு சின்ன ட்ரைபாட்ல வைங்க, ஐபோன்ல லைவ் போட்டோ எடுத்து லாங் எக்ஸ்போஷரா மாத்திக்கலாம். மொபைல் லென்ஸ் சின்னது, ஒரே துளி விழுந்தாலும் பாதிப் படம் போயிடும், அந்தத் துணியை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.