எரிந்த கட்சி, எரியாத கட்சி

அன்புள்ள டீச்சருக்கு,

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது கொழும்பில் வேலை. உங்கள் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைக் கோச்சியில் (ரயிலில்) வைத்து வாசித்தேன். நான் அழுததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மா, "யாரும் தவறிட்டாங்களா புள்ள?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

செல்வியும் ராசுவும் ஒரே பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) வளர்ந்து, ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். தீபாவளி லீவுக்கு வந்து ஒரு நாள் கூடுதலாக நின்ற ராசு மண்சரிவில் மண்ணுக்குள் போய்விட்டான். டவுனுக்கு வகுப்புக்குப் போன செல்வி பிழைத்தாள். எங்கள் அறையில் நாங்கள் நான்கு பேர், இரண்டு நாள் இதே சண்டை. ஒருத்தி, சின்னதில் இருந்து ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு அண்ணன் தங்கை நினைப்புத்தான் வரும், காதல் வராது என்கிறாள். இன்னொருத்தி, மண்சரிவைக் கொண்டுவந்து கதையை முடித்தது சோம்பேறித்தனம் என்கிறாள். எனக்குக் கோபம் செல்வி மேல். இத்தனை வருஷம் பக்கத்துக் காம்பராவில் இருந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் அன்றைக்கு அவளோடு டவுனுக்குப் போயிருப்பான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செல்விக்குப் பிறகு என்ன ஆனது? அதையாவது சொல்லுங்கள்.

(ஏழாம் அத்தியாயத்தில் ராசுவின் வயது பிழை. 'கறுப்பு', 'கருப்பு' இரண்டும் மாறி மாறி வருகிறது.)

பெயர் வேண்டாம்

*

அன்புள்ள மகளுக்கு,

வயதைத் திருத்திவிட்டேன். கறுப்பும் சரி, கருப்பும் சரி. 32 வருஷம் படிப்பித்தவள் சொல்கிறேன், விடுங்கள்.

இந்தக் கதைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நான் பதில் போடவில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், அறையில் நான்கு பேர் இரண்டு நாள் சண்டை பிடித்தோம் என்று எழுதினீர்களே, அந்த வரி. தஞ்சாவூர்ப் பக்கத்தில் லாவணி என்று ஒன்று உண்டு. மன்மதனைச் சிவன் எரித்தாரா இல்லையா என்று இரண்டு கட்சியாக உட்கார்ந்து, விடிய விடியப் பாட்டாலேயே மோதிக்கொள்வார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பெயர். ஒரு மாதமாக எனக்கு வரும் கடிதங்களும் அதே மாதிரி. ராசு செத்தது சரி என்று ஒரு கட்சி, மண்ணுக்குள் இருந்து அவனை உயிரோடு எடுத்திருக்கலாமே என்று இன்னொரு கட்சி. தப்பு அடிக்க ஆள் இல்லாததுதான் குறை.

மண்சரிவு சோம்பேறித்தனம் என்று சொன்ன தோழியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் நிஜமாகவே மலை சரிந்தது. காலை நேரம். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள். அந்த மலை சரியும் என்று வருஷக்கணக்காகவே எச்சரிக்கை இருந்தது. நான் சோம்பேறியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அண்ணன் தங்கை என்று சொன்ன தோழி தோட்டத்தில் வளரவில்லை என்று நினைக்கிறேன். வளர்ந்திருந்தால் மறந்துவிட்டாள். லயத்தில், அதாவது சுவரோடு சுவராக ஒட்டிய தோட்டத்து வரிசை வீடுகளில், யார் அண்ணன், யார் முறை என்று முடிவு செய்வது பிள்ளைகளும் இல்லை, இரத்தமும் இல்லை. என் அம்மா பக்கத்துக் காம்பராக்காரியை "அக்கா" என்று கூப்பிட்டால் அவள் மகன் எனக்கு அண்ணன். "மதினி" என்று கூப்பிட்டால் மச்சான். சொந்தமே இல்லாத இரண்டு பெண்கள், முதல் நாள் பீலிக்கரையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாயில் வந்தபடி கூப்பிட்டதுதான் கணக்கு. பிறகு இருபது வருஷத்துக்கு அதை மாற்ற முடியாது. செல்வியின் அம்மா ராசுவின் அம்மாவை மதினி என்றுதான் கூப்பிடுகிறாள், முதல் அத்தியாயத்திலேயே. ராசுவின் குடும்பம் முதலில் கீழே, பணிய லயத்தில் இருந்தது என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது. மேல் லயத்துக்கும் பணிய லயத்துக்கும் நடுவில் என்ன இருந்தது என்று நீங்கள் நான்கு பேரும் கேட்கவில்லை. சாதி என்ற சொல்லை நான் எழுதாவிட்டால் உங்களுக்குத் தெரியாதா? கொழும்புக்குப் போனதும் இதெல்லாம் மறந்துவிடுகிறது போல.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

எங்கே வைத்துச் சொல்வது, மகள்?

காம்பராவுக்குள் வைத்தா? 10க்கு 12 அடி. அதற்குள் அடுப்பு, சாமிப்படம், மழை நாளில் கோழிக்கூடை, ஆறு பேர். ஸ்தோப்புத் திண்ணையிலா? அங்கே தாத்தா வெற்றிலை இடித்துக்கொண்டு இருப்பார், காது கேட்காது என்று பெயர், கேட்க வேண்டியது மட்டும் கேட்கும். பீலியடியில் வரிசை. மலையில் நிரைக்கு நிரை ஆள், மேலே கங்காணி. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஊரே நிற்கும். போன் இருந்ததே என்பீர்கள். செல்வி வீட்டில் ஒரு போன், அது அப்பாவின் சட்டைப்பையில். சிக்னல் வேண்டுமென்றால் கோயில் படிக்கு ஏற வேண்டும். அங்கே ஏற்கெனவே ஏழு பேர், கொழும்பில் இருக்கிற பிள்ளைகளோடு கத்திக் கத்திப் பேசிக்கொண்டு நிற்பார்கள். அதில் உங்கள் அம்மாவும் ஒருவராக இருந்திருப்பார். சொன்ன நிமிஷத்திலேயே அது இரண்டு பேர் விஷயமாக இருக்காது, 12 காம்பராவின் விஷயம். ஒரு காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் "கொத்தமல்லி போட்டுக் குடி" என்று பதில் வரும். அந்த இடத்தில் நின்றுகொண்டு காதல் வசனம் பேசு என்கிறீர்கள்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது.

1974இல் எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. எங்கள் காம்பரா லயத்தின் தொங்கலுக்கு, அதாவது கடைசிக் காம்பராவுக்கு, முந்தினது. தொங்கல் காம்பராவில் இருந்த அத்தையை அம்மா மதினி என்று கூப்பிடுவார். அதனால் அவர் மகன் எங்களுக்கு மச்சான். பஞ்ச காலம் அது. உங்கள் பாட்டி இருந்தால் கேளுங்கள், மரவள்ளிக் கிழங்கைப் பற்றிச் சொல்லுவார். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்துகிடக்கும். அவர்கள் அடுப்புப் புகை எங்கள் கண்ணுக்கு, எங்கள் புகை அவர்கள் கண்ணுக்கு. மச்சான் தகரப் பெட்டி மேல் ஏறி நின்று, நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டைச் சுவர் உச்சியில் வைப்பார். அதில் பாதி ரொட்டி இருக்கும். அக்கா இந்தப் பக்கம் விறகுக் கட்டை மேல் ஏறி எடுப்பாள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒரு துண்டுக் கிழங்கு, கொஞ்சம் கீரை, எதுவும் இல்லையென்றால் ஒரு சிட்டிகை உப்பாவது வைத்து அக்கா மேலே தள்ளுவாள். தட்டு சுவரில் கரகரவென்று உரசும். "இந்தா" என்பார் அவர். "ம்" என்பாள் இவள். ஒன்பது வயதில் நான் கேட்ட வசனம் முழுவதும் அவ்வளவுதான். அது காதலா என்றுகூட எனக்குத் தெரியாது.

1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், நாடற்றவர்களாக இருந்த எங்களைப் பங்கு போட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் சிறிமாவும் இந்திராவும் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ரொட்டியைப் பிய்ப்பது மாதிரி என்று மேடையில் பேசுவார்கள். ரொட்டியை நாங்கள் அப்படிப் பிய்த்ததில்லை, சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூட வைப்போம். எங்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டார். தொங்கல் காம்பரா மாமா இந்தியாவுக்கு எழுதிப்போட்டார், அங்கே போனால் சோறாவது கிடைக்கும் என்று. ஒரே சுவர்தான், அந்தப் பக்கம் இந்தியா, இந்தப் பக்கம் இலங்கை.

அவர்கள் போன அன்றைக்கு லயமே ஸ்டேஷனுக்குப் போய் ஒப்பாரி வைத்தது. கோச்சி தலைமன்னாருக்கு, அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்துக்கு. அக்கா ஸ்டேஷனுக்கு வரவில்லை, மலைக்குப் போனாள். ஒரு நாள் கூலிக்குப் பேர் விழாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அன்றைக்கு அவள் கொழுந்து நிறுவை எப்போதும் போலத்தான் இருந்ததாம். இரவு பாயில் படுத்து மேலே பார்த்தேன். சுவருக்கு மேலே வெளிச்சம் இல்லை. எங்கள் காம்பரா அவ்வளவு இருட்டாக இருந்து நான் பார்த்ததில்லை. அதுவரைக்கும் அவர்கள் குப்பி லாம்பில் பாதி வெளிச்சம் எங்களுக்கும் விழுந்துகொண்டு இருந்திருக்கிறது.

தட்டு எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் தொங்கல் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. அம்மா அந்தத் தட்டைக் கழுவி, கொஞ்சம் சீனி போட்டு, "இது ஒங்க காம்பராத் தட்டு" என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அக்கா எட்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை.

சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நானும் யோசிக்காமல் இல்லை. அவசரமாகத் தாலி கட்டி, ஒரே குடும்பமாகக் கப்பல் ஏறியவர்களை எனக்குத் தெரியும். அக்காவும் ஏறியிருக்கலாம். கூடலூரிலோ கோத்தகிரியிலோ இதே கொழுந்தைப் பறித்துக்கொண்டு, 'சிலோன்காரி' என்று பெயர் வாங்கி இருந்திருப்பாள். அப்படிப் பார்த்தால் நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிதான் எனக்கு எரிச்சல்.

அக்காவுக்கு இப்போது 68 வயது. கண் மங்கிவிட்டது, அதனால் தொடரை நான்தான் வாசித்துக் காட்டினேன். கதையில் சுவரும் இல்லை, தட்டும் இல்லை, கப்பலும் இல்லை. எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருந்தேன். மூன்றாம் அத்தியாயத்திலேயே, "ராசு இவ்வளவு நல்லவன் இல்லடி. அவன் ரொட்டியில எப்பவும் உப்புக் கூட" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளோ, அடுப்பில் பால் பொங்குகிறது பார் என்றாள்.

கடைசி அத்தியாயத்துக்கு அவள் அழவில்லை. திட்டினாள். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும், உங்கள் தோட்டத்திலும் நடந்திருக்கும். காமன் கம்பம் ஊன்றி, ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் கட்டி, வீட்டுக்கு வீடு ஆடி வந்து, கடைசி இரவு மதனை எரிப்பார்கள். ரதி வேஷம் கட்டியது பக்கத்து லயத்து ஆம்பிளை என்று தெரியும். பகலில் அவனோடு சண்டை பிடித்தவர்கள்கூட அந்தப் புலம்பலுக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். ஆனால் எரித்ததோடு யாரும் விட்டுவிடுவதில்லை. மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள். எழுந்தாலும் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், அதுதான் ரதி கேட்டு வாங்கிய வரம். அக்கா சொன்னாள்: "காமன எழுப்பாம கூத்த முடிக்கக் கூடாதுடி. ஊருக்கு ஆகாது. படிச்சவ ஒனக்குத் தெரியாதா?"

வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் எனக்கு வலித்தது இந்த ஒன்றுதான். நான் எரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் நாள் வரை உட்கார எனக்குப் பொறுமை இல்லை. இலக்கியம் என்றால் எரிந்ததோடு நிறுத்த வேண்டும் என்று யாரோ என் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

அடடா, நீங்கள் கேட்டது வேறு. செல்விக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். நான் யோசித்து வைக்கவில்லை. நேற்று உங்கள் கடிதத்தையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டு இருந்தாள்.

"கல்யாணம் கட்டியிருப்பா. ரெண்டு புள்ளைக. மூத்தவன் கொழும்புல கடையில நிப்பான்."

பிறகு தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "சொவரு கூர வரைக்கும் இருக்கிற வீடாப் பாத்துக் கட்டிக் குடுத்துரு அவள" என்றாள்.

அன்புடன்,
டீச்சர்