ரயில் இல்லாமலே அதிரும் கிளாஸ்கள்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 12 நிமிடப் பேய்க் குறும்படம் எடுக்கிறோம். கமெரா, எங்கள் கைப்போன்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருக்கும் அம்மம்மாவின் மூன்றாம் மாடி வீட்டில் படப்பிடிப்பு. இடி, மின்னல், கரண்ட் போகிறது, வெள்ளைச் சேலைப் பெண், அலறல், உடனே படத்தின் பெயர். இப்படித் தொடக்கத்தை எழுதியிருக்கிறோம். வாசித்த ஒருவருக்கும் பயம் வரவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், கொழும்பு 06

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் இடியும் மின்னலும் எந்த ஊர் வீட்டிலும் நடக்கும். அம்மம்மா வீட்டுக்கே உரிய ஒன்றை விட்டுவிட்டீர்கள். மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் போகிறதே, அதுதான். அந்தப் பக்கத்து வீடுகளில் ரயில் போனால் யன்னல் அதிரும், அலுமாரிக்குள் கிளாஸ்கள் கிணுகிணுக்கும். பழகிப்போனதால் வீட்டிலுள்ளவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தைப் படம் பார்ப்பவருக்கும் ஒரு நிமிடத்துக்குள் உண்டாக்கிவிடுங்கள்.

முதல் தடவை ரயில் போகிறது, கிளாஸ்கள் கிணுகிணுக்கின்றன. அம்மம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் தடவை ரயில் வருகிறது. அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே அலுமாரிக் கதவில் கையை வைத்து அழுத்துகிறார், சத்தம் அடங்குகிறது. மூன்றாம் தடவையும் கிளாஸ்கள் கிணுகிணுக்கின்றன, கை தானாகப் போகிறது. ஆனால் வெளியே அலைச் சத்தம் மட்டும்தான். ரயில் இல்லை. அந்தக் கை அப்படியே நிற்கட்டும். முகத்துக்குக் குளோஸ் அப் போகாதீர்கள். அங்கே படத்தின் பெயரைப் போடுங்கள்.

வெள்ளைச் சேலைப் பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1975இல் வந்த 'ஜோஸ்' (Jaws) என்ற சுறாப் படத்தின் முதல் காட்சியில் கடலில் நீந்தும் பெண் இழுபடுவதைத்தான் காட்டுகிறார்கள், சுறா கண்ணில் படுவதே இல்லை. ஆனாலும் நெஞ்சு பதறும்.

இந்தத் தொடக்கம் முழுக்கச் சத்தத்தில்தான் நிற்கிறது. ரயிலும் கிளாஸும் ஒன்றாகப் பதிவானால் மூன்றாம் தடவைக்கு ரயிலை மட்டும் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே ரயில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒருவர் அலுமாரியை மெதுவாக அசைக்க, போனைப் பக்கத்தில் வைத்துக் கிணுகிணுப்பைத் தனியாகப் பதியுங்கள். ரயிலை யன்னலோரம் இன்னொரு தடவை பதியுங்கள். யாரும் பேசாத வெறும் வீட்டின் சத்தமும் ஒரு நிமிடம் வேண்டும். எடிட் செய்யும்போது அது இல்லாவிட்டால் வெட்டிய இடமெல்லாம் காதில் இடறும்.

வெளிச்சத்துக்கு வருவோம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட்டும் அதற்கேற்பக் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும். போன் கமெராவை ஓட்டோ செட்டிங்கில் விட்டால் டியூப் லைட்டின் கீழே படத்தில் கோடுகள் ஓடக்கூடும். மனுவலாக மாற்றக்கூடிய கமெரா ஆப் ஒன்றில் வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கல் வெளிச்சம் வேண்டுமென்றால் நேரம் மிகக் குறைவு. கொழும்பில் ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்தால் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். யன்னல் தெரியும் ஷொட்களை அதற்குள் முடியுங்கள், அலுமாரி ஷொட்களை இரவில் எடுக்கலாம்.

அப்புறம், அந்த அலறல் படத்தில் எங்காவது இருக்கத்தான் போகிறது என்றால் மேல் வீடு, கீழ் வீடு, வாசலில் நிற்கும் காவலாளி எல்லோரிடமும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அம்மம்மாவை ஒன்பது மணிக்குமேல் விழித்திருக்க வைக்காதீர்கள். அவர் கை வரும் ஷொட்களை முதலில் எடுத்துவிடுங்கள்.